ஃபின்னிய மொழியின் நிலைவேற்றுமை: பெயரும் பொருளும்

1. முன்னுரை

வேற்றுமையின் பொருளை வரையறுத்துக் கூறுதல் இலக்கண ஆசிரியர்க்கு எளிய செயல் அன்று. உருபு வெளிப்படையாகத் தோன்றுவது. பொருளோ தொடர்தோறும் வேறுபட்டு நிற்பது. அங்ஙனம் வேறுபடும் பொருள்களுள் ஒன்றனைத் தலைமையாகக் கொண்டு, அதனையே அவ்வேற்றுமையின் இலக்கணமாகக் கூறிவிடின், எஞ்சிய பொருள்கள் அனைத்தும் விதிவிலக்குகளாக ஒதுங்கும். விதிவிலக்குகள் பெருகப் பெருக, விதியே ஐயத்திற்கு இடமாகும்.

ஃபின்லாந்து நாட்டின் மொழியாகிய ஃபின்னியத்தில், பொதுவாக 15 வேற்றுமைகள் எண்ணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று ‘-ன’ என்னும் உருபினை உடையது. சொல்லின் உயிரொலிக்கு இயைய இவ்வுருபின் உயிரும் சிறிது திரியும். மேலைநாட்டு இலக்கணிகள் இதனை ‘எஸ்ஸிவ்’ என்பர். இருத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையினின்றும் அமைந்த பெயர் இது. யாம் இதனை ‘நிலைவேற்றுமை’ எனக் குறிப்பேம். ‘தற்காலிக நிலையை உணர்த்துவது’ என்பதே இவ்வேற்றுமைக்குக் கைந்நூல்கள் பலவும் தரும் இலக்கணம். 2017 இல் காஸ்பர் டெ குரோட் பதிப்பித்த கட்டுரைத் தொகுதியும், யூராலிய மொழிகளின் எஸ்ஸிவையும் நிலைபேறில்லாத நிலையின் வெளிப்பாட்டையும் தன் தலைப்பிலேயே உம்மை கொடுத்து இணைத்துள்ளது. உம்மையால் இணைக்கப்பெற்ற இரண்டும் ஒன்றுதானா என்பதே எம் வினா. அல்ல என்பதும், தற்காலிகம் என்பது இவ்வேற்றுமையின் பொருளன்று, அப்பொருளினின்றும் சிற்சில இடங்களில் பிறக்கும் விளைவே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஈண்டுக் காட்டப்பெறும் அயன்மொழிச் சொற்கள் தமிழ் எழுத்தில் ஒருவாறு பெயர்த்து எழுதப்பெற்றவை. தமிழில் இல்லாத உயிரொலிகள் சில அவற்றில் உண்டு என்பதை நினைவிற் கொள்க.

2. பழங்கொள்கையின் வலிமை

மறுக்கப் புகுமுன், மறுக்கப்படும் கொள்கையின் வலிமையை எடுத்துரைத்தல் முறையாகும். ‘ஒபெத்தய’ என்பது ஆசிரியர் எனப் பொருள்படும் எழுவாய் வடிவம். ‘ஹன் ஒன் ஒபெத்தய’ எனின், அவர் ஆசிரியர் என்பது பொருள். அவர்தம் தொழிலும் தகுதியும் அதனாற் கூறப்பட்டன. ‘ஹன் ஒன் ஒபெத்தயன துருஸ்ஸ’ எனின், அவர் துர்க்கு நகரில் ஆசிரியராக இருக்கின்றார் என்பது பொருள். முன்னது ஒருவர் இன்னார் என்பதைக் கூறுகின்றது. பின்னது அவர் இப்பொழுது மேற்கொண்டுள்ள பணியைக் கூறுகின்றது. முன்னதிற் பயனிலைப் பெயர் உருபேற்காது நின்றது. பின்னதில் ‘-ன’ ஏற்றது. ‘சைரஸ்’ என்னும் சொல் நோயுற்ற எனப் பொருள்படும். ‘ஹன் ஒன் சைரஸ்’ என்பது நோயாளி என்னும் பொதுநிலைக்கும் பொருந்தும். ‘ஹன் ஒன் சைரான’ என்பதோ, அவர் இப்பொழுது நோய்வாய்ப்பட்டுக் கிடக்கின்றார் என்னும் குறிப்பினைத் தரும்.

இத்தகைய இணைகளை மட்டும் நோக்குவார்க்கு, எழுவாய் வடிவம் நிலைத்த தன்மைக்கும் ‘-ன’ வடிவம் நிலையாத தன்மைக்கும் உரியன என்னும் முடிவு தானே தோன்றும். மேலும், ‘லப்சி’ குழந்தை. ‘லப்சென’ எனின் குழந்தையாக இருந்தபோது. குழந்தைப் பருவம் கழிந்து போவது. ‘நுவொரென’ எனின் இளமையில். இளமையும் கழிந்து போவதே. ஆதலின் பழங்கொள்கை காரணமின்றி எழுந்ததன்று. ஆயின் அது சில எடுத்துக்காட்டுகளின்மேல் மட்டும் எழுந்தது என்பதே எம் குறை.

3. பொருந்தாச் சான்றுகள்

முதற்கண், நிலையாத தன்மையாக இருந்தும் ‘-ன’ பெறாத தொடர்களைக் காண்போம். காப்பி சூடாக இருக்கின்றது என்பதை ஃபின்னியர் ‘கஹ்வி ஒன் கூம’ என்பர். காப்பியின் சூடு சிறிது நேரத்திற்கு மேல் நில்லாது. அதனினும் தற்காலிகமானதொரு நிலையைக் காட்டுதல் அரிது. எனினும் ‘கூம’ என்னும் சொல் இங்கே எழுவாய் வடிவிலேயே நிற்கின்றது. யான் களைப்புற்றுள்ளேன் என்பதற்கும் ‘ஒலென் வசினித்’ என எழுவாய் வடிவே இயல்பாக வரும். களைப்பு உறங்கி எழுந்தால் நீங்குவது.

இனி, அதே காப்பியைக் குடித்த செய்தியைக் கூறும்போது நிகழும் மாற்றத்தைக் கவனிக்க. காப்பியைச் சூடாகக் குடித்தேன் என்பது ‘யொயின் கஹ்வின் கூமன’ எனப்படும். சூடு முன்போல் தற்காலிகமானதே. அதன் கால அளவு சிறிதும் மாறவில்லை. மாறியது தொடரமைப்பு. முதல் தொடரில் சூடு கூறப்பட வந்த செய்தி. இரண்டாம் தொடரில் குடித்தலே செய்தி, சூடு அக்குடித்தலுக்கு உடன்நின்ற நிலை. உருபினை வரவழைத்தது காலச் சுருக்கமன்று, ஒரு வினைக்கு உடன்நிற்றல் என்பது இதனாற் பெறப்படும்.

அடுத்து, நிலைத்த தன்மையாக இருந்தும் ‘-ன’ பெறும் தொடர்கள். ஒருவர் இறந்துகிடக்கக் கண்டெடுக்கப்பட்டார் என்பதை ஃபின்னியச் செய்தித்தாள்கள் ‘லொய்தெத்தீன் குவொல்லேன’ என எழுதும். ‘குவொல்லுத்’ இறந்த என்பது. அதன் நிலைவேற்றுமை வடிவமே ‘குவொல்லேன’. சாவு தற்காலிக நிலை என்று எவரும் கூறார். பிறவிக் குருடராகப் பிறந்தார் என்பதற்கும் ‘சொகெயன’ என நிலைவேற்றுமையே வரும். அக்குருடு வாழ்நாள் முழுவதும் நீங்காததாக இருப்பினும் உருபு மாறுவதில்லை. ஒரு ஃபின்னியன் என்ற முறையில் இதனை யான் அறிவேன் என்பார், ‘சுவொமலைசென’ எனத் தொடங்குவர். அவர் சிறிது காலத்திற்கு மட்டும் ஃபின்னியராக இருப்பவர் அல்லர்.

‘பிறந்த அந்நேரத்து நிலையையே அத்தொடர் கூறுகின்றது, ஆதலின் அதுவும் கால எல்லைக்கு உட்பட்டதே’ என்று பழங்கொள்கையார் விடை கூறலாம். அவ்விடை எம் கருத்தினை வலியுறுத்துமேயன்றி மறுக்காது. பிறத்தல் என்னும் வினை நிகழுங்கால் குருடு உடன்நின்றது என்பதே தொடர் கூறும் செய்தி. அதன்பின் குருடு நீங்கிற்றா, நீடித்ததா என்பது பற்றி உருபு யாதும் கூறவில்லை. கூறாமை வேறு, நிலையாது எனக் கூறுதல் வேறு.

மூன்றாவது, காலத்தொடு சிறிதும் இயைபில்லாத ஓர் ஆட்சி உண்டு. அவரை அறிவுடையவராகக் கருதுகின்றேன் என்பது ‘பிதன் ஹன்த வீசான’ எனப்படும். அறிவுடைமை சின்னாட்கே உரியது என்னும் குறிப்பு இத்தொடரில் இல்லை. ஆயினும் ஓர் எல்லை இதில் உண்டு: அவ்வறிவுடைமை கருதுவோன் உள்ளத்தளவில் கொள்ளப்படுவது, உலகினர் அனைவர்க்கும் ஒப்பமுடிந்த உண்மை என்பது பெறப்படவில்லை. எல்லை காலத்தால் மட்டும் அமைவதன்று என்பதற்கு இது சிறந்த சான்று. ‘சுவொமலைசென’ என்னும் முன்னைத் தொடரில் எல்லையாவது தகுதி; ஒருவனுடைய தன்மைகள் பலவற்றுள் அறிதற்கு ஏதுவான ஒன்றை அது பிரித்துக் காட்டுகின்றது.

‘துன்சின் ஹனெத் லப்சென’ என்னும் தொடர் இரட்டுறுவது. குழந்தைப் பருவத்தில் அவரை அறிவேன் என்பது அதன் பொருள். குழந்தையாக இருந்தவர் அறிந்தவரா, அறியப்பட்டவரா என்பது இடம் நோக்கியே உணரப்படும். உருபு அந்நிலையை அறிதல் என்னும் வினையொடு பிணிக்கின்றதேயன்றி, இன்னார்க்கு உரியது என வரையறுக்கவில்லை. இதுவும் வினையொடு உடன்நிற்றலே உருபின் பொருள் என்பதற்குத் துணையாகும்.

அங்ஙனமாயின், ‘ஆசிரியராக இருக்கின்றார்’ என்னும் இணையில் தற்காலிகக் குறிப்பு எங்ஙனம் தோன்றிற்று? அங்கு எழுவாய் வடிவம், ‘-ன’ வடிவம் என்னும் இரண்டும் ஆளத்தக்கன. ‘இன்னார் இவர்’ என்று எல்லையின்றிக் கூறும் வடிவம் கையில் இருக்கவும், அதனை விடுத்து எல்லையொடு கூறும் வடிவத்தை ஒருவர் தெரிந்தெடுப்பாராயின், கேட்போர் ‘எல்லை ஏதோ உண்டு’ என உய்த்துணர்வர். பணியைப் பொறுத்தவரையில் அவ்வெல்லை பெரும்பாலும் காலமே. ஆகவே தற்காலிகம் என்பது சொற்பொருளன்று. ஒன்றைத் தவிர்த்து மற்றொன்றைக் கொண்டமையாற் பிறந்த குறிப்புப் பொருள். குறிப்பினைச் சொற்பொருளாகக் கொண்டமையே பழங்கொள்கையின் பிழை.

4. உருபின் வரலாறு

இவ்வுருபின் பழைய பொருள் இடம் என்பது யூராலிய மொழிநூலார் யாவர்க்கும் உடன்பாடு. மூல யூராலிய மொழியில் ‘-ன’ என்பது இடப்பொருள் உருபாக இருந்தது. அதன் எச்சங்கள் இன்றும் ஃபின்னியத்தில் உள்ளன. ‘கொதி’ வீடு, ‘கொதொன’ வீட்டில். ‘தகன’ பின்னால், ‘லுவொன’ ஒருவரிடத்தில். ‘உல்கொன’ வெளியில். இவை நிலையை உணர்த்துவன அல்ல, இடத்தையே உணர்த்துவன. இன்றைய ஃபின்னியத்தில் உள்ளிடத்தை உணர்த்தும் ‘-ஸ்ஸ’ என்னும் உருபும் மேலிடம், பக்கம் முதலியவற்றை உணர்த்தும் ‘-ல்ல’ என்னும் உருபும், முறையே ‘ஸ்’, ‘ல்’ என்னும் இடைநிலைகளொடு இப்பழைய ‘-ன’ சேர்ந்து திரிந்தவையே. புதிய உருபுகள் இடப்பொருளை ஏற்றுக்கொண்டபின், தனித்து நின்ற ‘-ன’ நிலைப்பொருளில் நிலைபெற்றது.

இடத்திற்கும் நிலைக்கும் இடையே காலம் நிற்கின்றது. ‘மானந்தை’ திங்கட்கிழமை, ‘மானந்தைன’ திங்கட்கிழமையன்று. விழா நாட்களும் இவ்வுருபே பெறும். பருவப் பெயர்கள் பொதுவாக வரும்போது ‘-ல்ல’ உருபினை ஏற்பன. ஆயின் ‘இந்தக் கோடையில்’ என்பது போல அடைபெற்று வரையறுக்கப்பட்டவழி ‘-ன’ ஏற்பன. திங்கட்கிழமையன்று என்பதில் உள்ள ‘-ன’ தற்காலிக நிலையை உணர்த்துவது என்று எவரேனும் கூறுவரோ? வினை நிகழ்ந்த காலத்தை எல்லையாக நிறுத்துவதே அதன் தொழில்.

இம்மூன்றனையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகும். ஒரு வினை இன்ன இடத்தில் நிகழ்ந்தது. இன்ன காலத்தில் நிகழ்ந்தது. இன்ன நிலையில் நிகழ்ந்தது. மூன்றும் வினைக்குக் களமாகி அதனைத் தம் எல்லையுள் அடக்குவன. தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமையைக் கூறுமிடத்து வினை நிகழும் இடத்தொடு நிலத்தையும் காலத்தையும் ஒருங்கு வைத்தமையும், பின்வந்த நன்னூலார் பண்பினையும் தொழிலையும் அவ்வேற்றுமையின் கிழமைக்கு இடமாகக் கொண்டமையும் அறிந்த தமிழ் மாணவர்க்கு, இடம் காலமாகவும் காலம் நிலையாகவும் விரியும் இவ்வழி புதியதாகத் தோன்றாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். உருபின் தோற்றம் அதன் இன்றைய பொருளுக்கு முடிந்த சான்று ஆகாது. ‘கொதொன’ என்று கூறும் ஃபின்னியர் அதனை ‘லப்சென’ என்பதனோடு ஒரே வேற்றுமையாக உணர்ந்து கூறுகின்றார் என யாம் கொள்ளவில்லை. முன்னை இயலிற் காட்டிய இன்றைய வழக்கே எம் முதற்சான்று. வரலாறு அதற்கு இயைந்து நிற்கும் துணைச்சான்று.

ஃபின்னியர் தம் மொழியில் இவ்வேற்றுமைக்கு இட்ட பெயரும் கருதத்தக்கது. அவர்கள் இதனை ‘ஒலெந்தொ’ என்பர். இருத்தற் பொருளதாகிய வினையடியிற் பிறந்த பெயர் அது. இதற்கு இணையாக, ஒன்று மற்றொன்றாதலை உணர்த்தும் ‘-க்சி’ உருபு வேற்றுமை ‘துலெந்தொ’ எனப்படும். வருதல், ஆதல் என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்தது. ‘ஒபெத்தயக்சி’ எனின் ஆசிரியராக ஆதல் நோக்கியது. ‘ஒபெத்தயன’ எனின் ஆசிரியராக இருத்தல் பற்றியது. ஆதல், இருத்தல் என்னும் வேறுபாட்டினையே அப்பெயர்கள் காட்டுகின்றன. இருத்தல் நெடிதோ குறிதோ என்னும் வினா அவற்றில் இல்லை.

5. இனமொழிகள் காட்டுவன

ஒரே உருபு, அல்லது ஒரே தொழில், இனமொழிகளில் எங்ஙனம் நிற்கின்றது என்பதை இனி நோக்குவோம். ஃபின்னியத்திற்கு மிக நெருங்கிய எசுத்தோனிய மொழியில் ‘-ன’ உருபு உண்டு. ‘லப்சென’ எனின் அங்கும் குழந்தைப் பருவத்தில் என்பதே பொருள். ஆயின் ஃபின்னியத்தில் அடையும் பெயரும் ஒருங்கே ‘-ன’ ஏற்க, எசுத்தோனியத்தில் அடைமொழி ஆறாம் வேற்றுமை வடிவில் நிற்கப் பெயர் மட்டுமே ‘-ன’ ஏற்கும். இதனினும் சிறப்பாகக் கருதத்தக்கது பிறிதொன்று. ஒருவர் ஓரிடத்தில் ஒரு பதவியில் இருக்கின்றார் என்னுமிடத்து, எசுத்தோனியர் இருத்தல் வினையொடு ஆக்க வேற்றுமையாகிய ‘-க்ஸ்’ உருபினை ஆள்வதுண்டு. தற்காலிகப் பணி என்னும் அதே பொருள், ஃபின்னியத்தில் இருத்தற்குரிய உருபாலும் எசுத்தோனியத்தில் ஆதற்குரிய உருபாலும் உணர்த்தப்படுகின்றது. ஆகவே அப்பொருள் எவ்வேற்றுமைக்கும் பிறவிச் சொத்து அன்று. ஒரு வேற்றுமைப் பொருள் பிறிதொரு வேற்றுமை உருபால் வருதலை வேற்றுமை மயங்கியலிற் பயின்ற நமக்கு இது வியப்பளிக்க வேண்டுவதில்லை.

நோர்வே, சுவீடன், ஃபின்லாந்து நாடுகளின் வடபகுதியில் வழங்கும் வடசாமிய மொழியோ வேறொரு வழியிற் சென்றது. அங்கு நிலைவேற்றுமை ஒருமை பன்மை வேறுபாடு அற்றது. ஒரே வடிவம் இரண்டற்கும் பொது. அன்றியும், ஆக்க வேற்றுமை என ஒன்று தனியே அம்மொழியில் இன்மையால், ஆசிரியராக இருத்தலையும் ஆசிரியராக ஆதலையும் நிலைவேற்றுமை ஒன்றே உணர்த்தும். ஆசிரியராக ஆனவர் பின்னர் ஆசிரியராக நீடித்தலும் கூடும். ஆண்டுத் தற்காலிகம் என்பதற்கு இடமே இல்லை.

அங்கேரிய மொழியில் ‘-கேந்த்’ என்னும் உருபு, ஆசிரியராகப் பணிபுரிகின்றார் என்பது போன்ற தொடர்களில் வரும். இது பழைய ‘-ன’ உருபின் வழிவந்தது அன்று. அம்மொழி தானே அமைத்துக்கொண்டது. உருபு வேறாக இருந்தும் தொழில் ஒத்திருத்தலையும், எசுத்தோனியத்தில் உருபு ஒன்றாக இருந்தும் தொழில் பகிர்ந்து நிற்றலையும் சேர்த்து நோக்குக. உருபின் பெயரைத் தொழிலின் பெயராகவும், தொழிலின் பெயரை உருபின் பெயராகவும் மாற்றி வழங்குவதால் விளையும் மயக்கம் அப்பொழுது தெளிவாகும்.

6. தமிழொடு ஒப்புநோக்கல்

ஃபின்னியம் முதலிய மொழிகளைத் தமிழொடு சேர்த்து நோக்கும் முயற்சி புதியதன்று. 1856 இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் ஐயர், திராவிட மொழிகளுக்கும் தாம் ‘சித்திய’ மொழிகள் எனக் குறித்த இனத்திற்கும் உறவு உண்டெனக் கருதினார். ஃபின்னியம் அவ்வினத்துள் அடங்கும். அவ்வுறவு இன்றைய மொழிநூலாரால் பொதுவாக ஏற்கப்பெறவில்லை. ஆதலின் யாம் இங்குச் செய்வது தொழில் ஒப்புமையே. பிறப்பு ஒப்புமை அன்று.

‘அவர் ஆசிரியர்’, ‘அவர் ஆசிரியராக இருக்கின்றார்’ என்னும் இரு தமிழ்த் தொடர்கள் மேற்காட்டிய ஃபின்னிய இணையை அப்படியே ஒத்துள்ளன. ‘பிணமாகக் கிடந்தான்’ என்பதும் ‘குவொல்லேன’ என்பதனோடு ஒக்கும். இவ்வொப்புமை கண்டு, ‘ஆக’ என்பதே தமிழின் தற்காலிக நிலைவேற்றுமை என ஒருவர் துணிந்து கூறுவாராயின், ஒரு பிழையை இரு மொழிகளுக்கும் உரியதாக்கியவர் ஆவர். ‘கடல்நீர் உப்பாக இருக்கின்றது’ என்கின்றோம். கடல்நீரின் உப்பு எப்பொழுது நீங்கும்? ‘மலை உயரமாக இருக்கின்றது’ என்கின்றோம். அவ்வுயரம் எத்தனை நாளைக்கு?

வேறுபாடுகளும் உள. காப்பி சூடு என்னும் செய்தியை ஃபின்னியர் எழுவாய் வடிவாற் கூற, நாம் ‘சூடாக இருக்கின்றது’ என ‘ஆக’ கொடுத்தே கூறுவோம். ஃபின்னிய உருபு இடத்தினின்றும் பிறந்தது. தமிழின் ‘ஆக’ ஆகுதல் என்னும் வினையின் எச்சம். ஒன்று இருப்பிடத்தினின்றும் புறப்பட்டு நிலையை அடைந்தது. மற்றொன்று ஆக்கத்தினின்றும் புறப்பட்டு அதே நிலையை அடைந்தது. ‘அரசனாக்கினர்’ என ஆதற்கும், ‘அரசனாக வாழ்ந்தான்’ என இருத்தற்கும் ஒரே சொல் வருதலின், இவ்வகையில் தமிழ் ஃபின்னியத்தை விட வடசாமியத்திற்கு அணித்தாக நிற்கின்றது. பெயரளவில் ஒப்பிட்டிருப்பின் இவ்வேறுபாடு நம் கண்ணிற் பட்டிராது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஃபின்னிய நிலைவேற்றுமை ஒரு நிலையை வினைக்குக் களமாக நிறுத்தி, அவ்வினையை அந்நிலையின் எல்லையுள் அடக்கிக் கூறுவது என்பது பெறப்படும். அவ்வெல்லை காலமாகலாம், தகுதியாகலாம், கருதுவோன் உள்ளமாகலாம். காலமாகியவழியும் நிலை அவ்வெல்லையொடு முடிந்தது என்பது உருபின் கூற்றன்று. இணையான பிறிதொரு வடிவம் இருத்தலாற் கேட்போர் கொள்ளும் குறிப்பே. தற்காலிகம் என்பது ஒரு கிளை. அதனை வேர் எனக் கொண்டவர்க்கு, இறந்தோரும் குருடராய்ப் பிறந்தோரும் திங்கட்கிழமையும் விளங்காதனவாகவே நிற்கும்.

இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் பயன் ஒரு வடநாட்டு மொழியின் ஓர் உருபினைப் பற்றிய அறிவு மட்டும் அன்று. அயன்மொழி இலக்கணத்தைப் பயிலும் நம் மாணவர், அதனை ஒரு குறியீட்டின் வாயிலாகவும் மூன்று நான்கு எடுத்துக்காட்டுகளின் வாயிலாகவுமே பெரும்பாலும் அறிகின்றனர். குறியீட்டைப் பொருளென நம்பி, அதனைத் தமிழில் தேடுகின்றனர். கிடைத்தால் ஒப்புமை என்பர், கிடையாவிடின் குறை என்பர். இரண்டும் அவசர முடிவுகளே. ஓர் உருபின் பொருளைக் காண விழைவோர், அது வரும் இடங்களை மட்டும் எண்ணினாற் போதாது. வரத்தக்கது போலத் தோன்றியும் வாராத இடங்களையும் எண்ணுதல் வேண்டும். சூடான காப்பி தன் உருபின்றி நிற்பதும், இறந்தவன் உருபொடு நிற்பதும் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.